இறக்கத்தில் மட்டும் வந்த புகை

இது கொஞ்சம் நீளமான பதிவு. காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள்.

என் மேசை மேல், கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில், ஒரு சாண் நீளத்துக்குப் பச்சை ஒயர் ஒன்று கிடக்கிறது. "குப்பையை எதுக்கு அம்மாச்சி வெச்சிருக்க?" என்று பேத்தி இரண்டு தடவை அதைத் தூக்கிப் போட்டுவிட்டாள். இரண்டு தடவையும் எடுத்து வைத்துவிட்டேன். அந்த ஒயரின் நடுவில், ஓர் அரிசி அளவுக்கு, மேல்தோல் கிழிந்து உள்ளே செம்பு தெரியும். அந்த அரிசி அளவு இடத்தைக் கண்டுபிடித்த கதைதான் இது.

எங்கள் அப்பாவின் ஜீப் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போன வண்டி. விடிகாலை இருட்டில் கிளம்பி, மேட்டு ரோட்டில் ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டிவரும். ஊரில் எல்லோரும் 'வில்லீஸ்' என்றுதான் சொல்வார்கள். அசலில் அது மகிந்திரா கம்பெனி இங்கே உரிமம் வாங்கித் தயாரித்த சிஜே-3பி. அமெரிக்காவில் வில்லீஸ் கம்பெனி 1953-ல் கொண்டுவந்த மாடல். உயரமான 'ஹரிக்கேன்' இன்ஜினை உள்ளே வைக்க வேண்டியிருந்ததால் பானெட்டைத் தூக்கி வைத்தார்கள். அதனால்தான் பழைய ராணுவ ஜீப்பைவிட இதற்கு முகம் நீளமாக இருக்கும்.

அப்பா போன பிறகு வண்டி பல வருஷம் தம்பி வீட்டுக் கொட்டகையில் கோழி அடையும் கூடாகக் கிடந்தது. தம்பி ஓய்வுபெற்றதும், "அக்கா, அப்பா வண்டியை மறுபடி ஓட விடுறேன் பாரு" என்று ஆரம்பித்தான். இன்ஜின் வேலை ஒரு இடம், தகர வேலை ஒரு இடம், பெயின்ட் ஒரு இடம். ஒன்றரை வருஷம் ஆனது. ஒயரிங் வேலைக்கு என் பழைய மாணவன் ஒருவனைக் கூப்பிட்டான். ஏழாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான், அதனால் போடவில்லை. உங்களில் சிலர் கண்டுபிடித்துவிடுவீர்கள். கண்டுபிடித்தால் மனசுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய ஒயர் முழுவதையும் உருவிப் போட்டுவிட்டுப் புதிதாக இழுத்தான். ஹெட்லைட்டுக்கு நீலம், பார்க்கிங் லைட்டுக்குச் சிவப்பு, பிரேக் லைட்டுக்குப் பச்சை என்று நிறம் பிரித்து, எந்த ஒயர் எங்கே போகிறது என்று ஒரு நோட்டில் படம் வரைந்து கொடுத்தான். ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனியாகக் கண்ணாடி பியூஸ் வைத்தான். வேலை முடிந்ததும் அவனே மேட்டு ரோட்டில் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியா இருக்குண்ணே" என்று தம்பியிடம் சாவியைக் கொடுத்தான். கூலியில் நாலாயிரத்து ஐந்நூறு பாக்கி. அடுத்த வாரம் தருகிறேன் என்றான் தம்பி.

அதன் பிறகுதான் தொந்தரவு. தம்பி மலைக்குப் போய் வரும்போதெல்லாம் வீடு வந்து பார்த்தால் பிரேக் லைட் எரியாது. பியூஸ் போயிருக்கும். புதிது போட்டால் எரியும். அடுத்த தடவை மலையேறி இறங்கினால் மறுபடி போயிருக்கும். மூன்று தடவை இப்படி. நாலாவது தடவை தம்பி என்ன செய்தான் தெரியுமா? கண்ணாடி பியூஸின் மேல் செம்புக் கம்பியை நாலு சுற்றுச் சுற்றி மாட்டிவிட்டான். "இப்ப எப்படிப் போகுதுன்னு பாக்குறேன்" என்றான்.

நான் பக்கத்தில் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தேன். பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் 'மின் உருகி என்பது தானே உருகி மற்றதைக் காப்பது' என்று கரும்பலகையில் எழுதிப்போட்ட அதே டீச்சர்தான். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அப்பாவின் திதிக்கு மறுநாள், அவர் ஓட்டிய ரோட்டில் ஒரு தடவை போய் வரலாம் என்று கிளம்பினோம். தம்பி ஓட்ட, இடப்பக்க சீட்டில் நான், என் மடியில் பேத்தி. போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது வண்டி முனகாமல் ஏறியது. மேலே டீ குடித்தோம். அப்பா வண்டியை நிறுத்தும் இடத்தில் நிறுத்திப் படம் எடுத்தோம்.

இறங்கும்போது பாதி வளைவு தாண்டியிருப்போம். "அம்மாச்சி, பிளாஸ்டிக் வாசம்" என்றாள் பேத்தி. எனக்கும் வந்தது. டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து நூல் போல வெள்ளைப் புகை. அந்த ஜீப்பில் ஆம்பியர் மீட்டர் ஒன்று உண்டு. பேட்டரிக்குள் கரண்ட் போகிறதா, வெளியே வருகிறதா என்று காட்டும். அதன் முள் இடது கடைசியில் போய் ஒட்டிக்கொண்டு நின்றது. தம்பி வண்டியை மலை ஓரமாக ஒதுக்கி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கால் பிரேக்கிலிருந்து காலை எடுத்தான். முள் சட்டென்று நடுவுக்கு வந்தது. அதையும் பார்த்தேன். ஆனால் அந்த நேரத்தில் பேத்தியைத் தூக்கிக்கொண்டு இறங்குவதைத் தவிர வேறு எதுவும் மண்டையில் ஏறவில்லை.

தம்பி பேட்டரி ஒயரைக் கழற்றிப் போட்டான். கை நடுங்கியது. அந்த ஜீப்பில் பெட்ரோல் டேங்க் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு அந்த நடுக்கம் புரியும். முன் சீட்டுக்கு நேர் அடியில்.

அங்கே நின்றுகொண்டே போன் போட்டான். "என்னப்பா வேலை பாத்திருக்க? பச்சப்புள்ள உள்ள உக்காந்திருக்கு, ஒயர் எரியுது. உன்னை நம்பி வண்டியைக் குடுத்தேன் பாரு..." இன்னும் என்னென்னவோ. எழுத முடியாத வார்த்தைகளும் உண்டு. நான் பக்கத்தில் நின்றேன். தடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், என் மனசும் அதையேதான் சொன்னது: 'பள்ளிக்கூடத்திலேயே இவன் கவனம் இல்லாத பயல்தானே.'

எதிர்முனையில் சத்தமே இல்லை. எல்லாம் கேட்டு முடித்துவிட்டு அவன் சொன்னது இவ்வளவுதான்: "நாளைக்குக் காலைல வரேண்ணே. அதுவரைக்கும் பேட்டரியை மாட்டிராதீங்க." வண்டியைக் கயிறு கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தோம்.

மறுநாள் எட்டு மணிக்கெல்லாம் வந்துவிட்டான். கையில் பெரிய கருவி எதுவும் இல்லை. ஒரு பழைய மீட்டர். அதோடு ஹோல்டரில் மாட்டிய 12 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்று, அதிலிருந்து இரண்டு ஒயர், நுனியில் இரண்டு கிளிப்.

முதலில் பியூஸ் பெட்டியைத் திறந்தான். தம்பி சுற்றிய செம்புக் கம்பியைப் பார்த்தான். ஒரு நிமிஷம் பேசவில்லை. மெதுவாகப் பிரித்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "இது இனிமே வேண்டாம்ணே" என்றான். அவ்வளவுதான். தம்பி வேறு பக்கம் பார்த்தான். நானும்தான்.

பிறகு அந்த பியூஸ் இருந்த இடத்தில் பல்பின் இரண்டு கிளிப்பையும் மாட்டினான். "என்னடா பண்ற, எனக்குச் சொல்லு" என்றேன். சொன்னான். நான் புரிந்துகொண்டதை உங்களுக்குச் சொல்கிறேன்.

வீட்டில் பல்புக்குப் போக ஒரு ஒயர், வர ஒரு ஒயர். வண்டியில் அப்படி இல்லை. போக மட்டும்தான் ஒயர். திரும்பி வருவது வண்டியின் இரும்பு உடம்பு வழியாக. பேட்டரியின் நெகட்டிவ் முனையை உடம்போடு சேர்த்திருப்பார்கள். அதைத்தான் 'பாடி எர்த்' என்பது. ஆகவே பின்னால் போகிற ஒயர் வழியில் எங்காவது தோலுரிந்து இரும்பைத் தொட்டால், கரண்ட் பல்பு வரை போகாது. குறுக்கு வழியில் திரும்பிவிடும். நாம் பாடத்தில் படித்த குறுக்குச் சுற்று. பிரேக் லைட் இரண்டும் சேர்ந்து மூன்றரை ஆம்பியர்தான் எடுக்கும். குறுக்கு வழி கிடைத்தால் அதைப்போலப் பல மடங்கு பாயும். பியூஸ் இருந்தால் அது உருகி நிறுத்திவிடும். பியூஸில் கம்பியைச் சுற்றிவிட்டால் ஒயரே உருக ஆரம்பிக்கும்.

பியூஸ் இடத்தில் பல்பை மாட்டினால், எங்கே ஷார்ட் ஆனாலும் கரண்ட் அந்த பல்பு வழியாகத்தான் போயாக வேண்டும். இரண்டு ஆம்பியருக்கு மேல் அது விடாது. ஒயர் எரியாது. ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், இல்லாவிட்டால் அணைந்திருக்கும். பின்னால் இருக்கும் இரண்டு பிரேக் லைட் பல்பையும் அவன் முன்கூட்டியே கழற்றிவிட்டான். ஆகவே நியாயமான வழி என்று ஒன்று கிடையாது. பல்பு எரிந்தால் கள்ளவழி இருக்கிறது என்று அர்த்தம். கேட்டுக்கொண்டே இருந்தேன். நான் வகுப்பில் இதை இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

சாவியைப் போட்டான். பல்பு எரியவில்லை. வெளியே நின்றுகொண்டே கையால் பிரேக் பெடலை அழுத்தினான். எரியவில்லை. வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு ஒவ்வொரு ஒயராக ஆட்டினான். ரப்பர் புஷ் போட்ட ஓட்டைகளில் விரலை விட்டுப் பார்த்தான். மாஸ்டர் சிலிண்டரில் இருக்கும் பிரேக் லைட் சுவிட்சைத் தட்டிப் பார்த்தான். பல்பு எரியவே இல்லை. சாயங்காலம் வரை இதுதான். "தப்பு எதுவும் இல்லைன்னு காட்டுறதுக்காக ஆட்டம் காட்டுறான்" என்று தம்பி என் காதில் சொன்னான். அவனுக்கும் அது கேட்டிருக்கும்.

இரண்டாம் நாளும் வந்தான். மதியம் வரை அதே கதை. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு திண்ணையில் என் எதிரே உட்கார்ந்தான்.

"டீச்சர், நீங்கதான் அன்னிக்குக் கூட இருந்தீங்க. என்ன நடந்துச்சுன்னு ஒண்ணு விடாம சொல்லுங்க. பெருசா தோணாததையும் சொல்லுங்க."

சொன்னேன். ஏறும்போது ஒன்றும் இல்லை. இறங்கும்போதுதான். முள் இடது பக்கம் ஒட்டியது. தம்பி பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் திரும்பியது. முன்பு பியூஸ் போனதும் மலைக்குப் போய் வந்த நாட்களில்தான்.

"அப்ப பிரேக் ஒயர்தான். சந்தேகமே இல்லை" என்றான். "ஆனா நானும் அதே மலையில இறங்கினேனே டீச்சர். அத்தனை வளைவுலயும் பிரேக் போட்டேன். எனக்கு ஏன் போகல?"

அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. "வண்டி அதேதான், ரோடு அதேதான். ஆளுதானடா வேற" என்றேன்.

அவன் தன்னைப் பார்த்துக்கொண்டான். ஐம்பத்தைந்து கிலோ இருந்தால் அதிகம. பிறகு தம்பியைப் பார்த்தான். தம்பிக்குத் தொண்ணூறு தாண்டும். இரண்டு நாளும் அந்த ஓட்டுநர் சீட்டில் யாருமே உட்காரவில்லை என்பது அப்போதுதான் எங்கள் மூவருக்கும் உறைத்தது.

"அண்ணே, கொஞ்சம் ஏறி உக்காருங்க."

தம்பி ஏறி உட்கார்ந்தான். பிரேக்கை மிதித்தான். பல்பு எரியவில்லை. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஆனால் அவன் விடவில்லை. "இது சமதரை. இறக்கத்துல வண்டி மூக்கு கீழ இருக்கும், ஆளு முன்னால சரிவாங்க. சீட்டு நுனிக்கு வந்து ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு மிதிங்கண்ணே."

தம்பி முன்னால் நகர்ந்தான். மிதித்தான்.

பல்பு பளிச்சென்று எரிந்தது.

காலை எடுத்தான், அணைந்தது. மிதித்தான், எரிந்தது. பின்னால் சாய்ந்து மிதித்தான், எரியவில்லை. "மாமா தாத்தா உக்காந்தா லைட்டு எரியுது!" என்று பேத்தி கைதட்டினாள். பெரியவர்கள் யாரும் சிரிக்கவில்லை.

நாலு போல்ட்டைக் கழற்றிச் சீட்டைத் தூக்கினான். சீட்டின் சட்டத்தில், முன் ஓரத்தில், குறுக்கே ஓர் ஆங்கிள் பட்டை பற்றவைக்கப்பட்டிருந்தது. அதன் வெட்டுமுனை ராவப்படாமல் கத்தி மாதிரி இருந்தது. அதற்கு நேர் கீழே பச்சை ஒயர் போனது. ஒயரில் அந்த அரிசி அளவுக் கிழிசல். பட்டையில் அதே இடத்தில் கருப்பாகக் கரித்தழும்பு. பொறி தெறித்த இடம். அங்கிருந்து டேங்குக்கு ஒரு சாண்கூட இல்லை. நான் அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன்.

"இந்தப் பட்டை நான் ஒயர் இழுத்தப்ப இல்லையேண்ணே" என்றான் அவன். குரலில் கோபம் இல்லை, கேள்விதான்.

தம்பி கொஞ்சம் நேரம் கழித்துச் சொன்னான். "நீ வேலை முடிச்சுட்டுப் போன பிறகு மெத்தையை மாத்தினேன். எனக்குச் சீட்டு தாங்கலைன்னு குறுக்குச் சட்டம் வைக்கச் சொன்னேன்."

சுற்றிலும் அமைதி. கோழி மட்டும் கத்தியது.

அவன் வேலையைப் பார்க்க ஆரம்பித்தான். கிழிந்த இடத்தை மட்டும் ஒட்டுப்போடவில்லை. ஒருமுறை சூடேறிய ஒயரை நம்பக் கூடாது என்று பியூஸிலிருந்து பின் விளக்கு வரை பச்சை ஒயர் முழுவதையும் மாற்றினான். சீட்டுக்கு அடியில் போகாமல் பக்கவாட்டில் தள்ளி, ஸ்லீவ் போட்டு, கிளிப் வைத்து இறுக்கினான். ஆங்கிள் பட்டையின் முனையை அரத்தால் ராவி வழவழப்பாக்கினான். மறுபடி பல்பை மாட்டித் தம்பியை உட்கார வைத்து, முன்னால், பின்னால், பக்கவாட்டில் எல்லாம் சாயச் சொல்லிப் பார்த்தான். பல்பு எரியவில்லை. அதற்குப் பிறகுதான் 10 ஆம்பியர் பியூஸைப் போட்டான்.

தம்பிக்கு 'மன்னிச்சுக்கோ' என்று சொல்ல வராது. எங்கள் அப்பாவுக்கும் வராது. உள்ளே போய்ப் பணத்தை எடுத்துவந்து, பழைய பாக்கியோடு இந்த இரண்டு நாள் கூலியையும் சேர்த்து இரண்டு கையாலும் கொடுத்தான். "சாப்பிட்டுத்தான் போகணும்" என்று தானே இலை போட்டான். பரிமாறும்போது, "அன்னிக்கு ரோட்டுல வெச்சு அப்படிப் பேசிருக்கக் கூடாதுப்பா" என்றான். இலையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னான். சொல்லிவிட்டான் அல்லவா, அது போதும்.

என் பங்கு ஒன்று பாக்கி இருந்தது. அவன் கை கழுவும்போது சொன்னேன். "நானும் உன்னைத்தான் நினைச்சேன்டா. ஏழாவதுல மின்சுற்றுப் பாடம் நடத்தினப்ப நீ பல்பை ஒடச்சது ஞாபகம் இருக்கு. இப்பவும் அந்த மாதிரிதான்னு நினைச்சுட்டேன்."

அவன் சிரித்தான். "அந்த பல்பு ஒடையலையே டீச்சர். ஹோல்டர்ல ஒயர் கழண்டிருந்துச்சு. நான் அப்பவே சொன்னேன். நீங்க உக்காருன்னு சொல்லிட்டீங்க."

எனக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. அவன் எழுந்து ஏதோ சொல்ல வந்ததும், மணி அடிக்கப் போகிறதே என்ற அவசரத்தில் நான் உட்காரச் சொன்னதும். பன்னிரண்டு வயதுப் பையன் அன்றே பழுதைக் கண்டுபிடித்திருக்கிறான். ஹோல்டரைத் திறந்து பார்க்க எனக்கு அரை நிமிஷம் ஆகியிருக்கும்.

அவன் போன பிறகு நெடுநேரம் யோசித்தேன். இரண்டு நாள் நாங்கள் வண்டியைத்தான் சோதித்தோம். ஓட்டுகிற ஆளைச் சேர்க்கவில்லை. சீட்டை மாற்றியவன், பியூஸில் கம்பி சுற்றியவன், அதைப் பார்த்துக்கொண்டு உளுந்து புடைத்தவள், எல்லோரும் வெளியே நின்று, வேலை செய்தவனை மட்டும் உள்ளே நிறுத்தினோம். பழுது தேடும்போது அது வந்த நேரத்தில் யார் யார் இருந்தோமோ அத்தனை பேரையும் சேர்த்துத்தான் தேட வேண்டும் போலிருக்கிறது. நம்மை வெளியே வைத்துவிட்டுத் தேடினால் பல்பு எரியாது.

அதனால்தான் அந்த ஒயர்த் துண்டைக் கேட்டு வாங்கி மேசை மேல் வைத்திருக்கிறேன்.

டீச்சர் என்றால் வீட்டுப்பாடம் இல்லாமல் விடமாட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். இன்று உங்கள் வண்டியின் பியூஸ் பெட்டியைத் திறந்து பாருங்கள். எதிலாவது கம்பியோ ஜிகினாக் காகிதமோ சுற்றியிருந்தால், போட்டது யாராக இருந்தாலும், எடுத்துவிட்டுச் சரியான அளவு பியூஸைப் போடுங்கள். அது மறுபடி மறுபடி போனால் எரிச்சல்படாதீர்கள். அது ஏதோ சொல்ல வருகிறது. உட்காரச் சொல்லாமல் கேளுங்கள்.

வண்டி இப்போது நன்றாக ஓடுகிறது. போன வாரம் மறுபடி மேட்டுக்குப் போய் வந்தோம். இந்தத் தடவை பின் சீட்டில் அவனும் அவன் மகளும். பேத்திக்கு ஒரு தோழி கிடைத்துவிட்டாள்.

எல்லோரும் நன்றாக இருங்கள். மலை ரோட்டில் நிதானமாகப் போங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்